கடிகாரம் சேர்த்த நவாப்



எங்கள் ஊர் திருவந்திபுரம். கடலூருக்குப் பக்கத்தில், கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது. தேவநாத சுவாமி கோயிலும், குன்றின் மேல் கல்விக் கடவுளான ஹயக்ரீவர் சந்நிதியும் உள்ள ஊர். பரீட்சை நெருங்கிவிட்டால் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகப் பிள்ளைகள் படியேறி வருவதைப் பார்க்கலாம். முகூர்த்த நாள் என்றால் இன்னொரு கூட்டம். ஒரே நாளில் எத்தனையோ கல்யாணங்கள் நடக்கும். அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் மணிக்கட்டைத் திருப்பி வாட்ச் பார்த்தபடியே இருப்பார்கள். நல்ல நேரம் தவறிவிடக் கூடாது அல்லவா?

என் சிறு வயதில் எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. பள்ளிக்கூடத்து மணிதான் எங்களுக்கு நேரம் சொல்லும். மணி என்றால் வெண்கல மணி இல்லை. மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு! அதை அடிப்பதற்கென்று ஒரு தாத்தா இருந்தார். அவர் கையில் சுத்தியலோடு மரத்தடிக்கு நடந்து வருவதைப் பார்த்தாலே போதும். வகுப்பு முழுவதும் பையைக் கட்டத் தொடங்கிவிடும்.

பல வருடங்கள் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, பேரப் பிள்ளைகளோடு ஐதராபாத் சென்றேன். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் அந்தத் தாத்தாவைப் போலவே ஒருவரைப் பார்த்தேன். அவர் உயிருள்ள மனிதர் அல்ல. கடிகாரத்துக்குள் வாழும் ஒரு குட்டிப் பொம்மை! அந்தக் கடிகாரத்தை வாங்கி வைத்தவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் மீர் யூசுப் அலி கான். உலகம் அவரை மூன்றாம் சாலார் ஜங் என்று அழைக்கிறது.

24 நாள் குழந்தை

சாலார் ஜங் என்பது பெயர் அல்ல; பட்டம். போர்த் தலைவர் என்று பொருள். ஐதராபாத் சமஸ்தானத்தை ஆண்ட மன்னர்களுக்கு நிஜாம் என்று பெயர். அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்து ஆட்சியை நடத்தியவர் திவான். அதாவது முதன்மை அமைச்சர். இந்தத் திவான் பதவியில் சாலார் ஜங் குடும்பத்தினர் பலர் இருந்திருக்கிறார்கள்.

அவர்களில் மிகவும் புகழ் பெற்றவர் நம் கதாநாயகரின் தாத்தா. மீர் துராப் அலி கான் என்ற முதலாம் சாலார் ஜங். 1853ல் திவான் ஆனவர், 1883ல் இறக்கும் வரை முப்பது வருடங்கள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1876ல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். ரோம் நகரில் ஒரு பளிங்குச் சிலையை வாங்கி வந்தார். முகத்திரை அணிந்த ரெபெக்கா என்ற பெண்ணின் சிலை அது. செதுக்கியவர் பென்சோனி என்ற இத்தாலியச் சிற்பி. முகமும் பளிங்கு, திரையும் பளிங்கு. ஆனாலும் மெல்லிய துணிக்குள்ளிருந்து முகம் தெரிவது போலவே இருக்கும். இந்தச் சிலையைப் பார்த்துத்தான் பேரன் வளர்ந்தார்.

பேரன் மீர் யூசுப் அலி கான் 1889ஆம் வருடம் ஜூன் 13ஆம் தேதி புனே நகரில் பிறந்தார். பிறந்த வீட்டில் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. குழந்தை பிறந்த 24ஆம் நாள், திவானாக இருந்தவரான அவருடைய அப்பா, இரண்டாம் சாலார் ஜங், இறந்துபோனார். அப்பாவின் முகம் கூட அந்தக் குழந்தைக்குத் தெரியாது. பெரிய மாளிகை, ஏராளமான நிலபுலன், பல ஊர்களின் வரி வருமானம் எல்லாம் இருந்தன. ஆனால் கை பிடித்து அழைத்துச் செல்ல அப்பா இல்லை. சொத்துக்களை நிஜாமின் அரசு மேற்பார்வை செய்தது.

23 வயதில் திவான்

1912ஆம் வருடம். அப்போது ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் யூசுப் அலி கானைத் திவானாக நியமித்தார். அப்போது அவருக்கு வயது 23!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சமஸ்தானத்தின் முழு நிர்வாகமும் 23 வயது இளைஞரின் தோளில்! தாத்தா முப்பது வருடம் அமர்ந்த நாற்காலி அது. பேரனும் அப்படியே அமர்ந்திருப்பார் என்றுதான் ஊரார் நினைத்திருப்பார்கள். ஆனால் இரண்டு வருடங்களுக்குப் பிறகு, 1914ல், அவர் பதவியிலிருந்து விலகிவிட்டார். அதன் பிறகு சில வருடங்கள் நிஜாமே ஆட்சியை நேரடியாகக் கவனித்தார்.

25 வயதில் பதவி இல்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. இனி வாழ்நாள் முழுவதும் என்ன செய்வது? பணம் நிறைந்தவர்கள் வீணாய்ப் போவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. ஆனால் அவர் கலைப்பொருட்களைச் சேர்ப்பதில் மனதைச் செலுத்தினார். அதுவே பிறகு அவரது வாழ்க்கையாகிவிட்டது.

மாளிகை நிறைந்தது

அவர் வாழ்ந்த மாளிகையின் பெயர் திவான் தேவ்டி. அந்த நவாபுக்குக் கலைப்பொருட்கள் மீது தீராத ஆசை என்ற செய்தி கடல் கடந்து பரவியது. உலகின் பல மூலைகளிலிருந்தும் வியாபாரிகள் மூட்டை முடிச்சுகளோடு ஐதராபாத் வந்து இறங்கினார்கள். வெளிநாடுகளில் அவருக்கு முகவர்களும் இருந்தார்கள். எந்த ஊரில் எந்தப் பழைய பொருள் விலைக்கு வருகிறது என்று பட்டியல் அனுப்புவார்கள். அவரும் ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசிய நாடுகளுக்கும் பயணம் செய்து, நேரில் பார்த்து வாங்கி வந்தார்.

என்னென்ன வாங்கினார் தெரியுமா? சீனப் பீங்கான், பாரசீகக் கம்பளம், ஜப்பானியப் பட்டு வேலைப்பாடு, யானைத் தந்தத்தில் செய்த பொருட்கள், வாள்கள், ஓவியங்கள், பழைய கையெழுத்துச் சுவடிகள், குழந்தைகளின் பொம்மைகள் கூட! ஒரே மரத்துண்டில் முன்பக்கம் ஓர் ஆணும் பின்பக்கம் ஒரு பெண்ணுமாகச் செதுக்கப்பட்ட சிலை ஒன்று உண்டு. பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். எதிரே நின்றால் ஆணின் கர்வமும், கண்ணாடியில் பெண்ணின் வெட்கமும் ஒரே நேரத்தில் தெரியும்.

ஒரு மனிதர், ஒரு வாழ்நாளில், தனியாகச் சேர்த்த தொகுப்புகளில் இது உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று என்று சொல்கிறார்கள். இன்று அருங்காட்சியகத்தில் உள்ள கலைப்பொருட்கள் மட்டும் சுமார் 43,000. அவற்றோடு சுமார் 9,000 சுவடிகள், 47,000 அச்சுப் புத்தகங்கள். தாத்தாவும் அப்பாவும் சேர்த்தவையும் இதில் உண்டு என்றாலும் பெரும்பகுதி பேரன் சேர்த்ததுதான்.

டிக்... டிக்... டிக்...

இத்தனைக்கும் நடுவில் அவர் விரும்பிச் சேர்த்தவற்றில் ஒன்று கடிகாரம். பிரான்ஸ், இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்று பல நாட்டுக் கடிகாரங்கள் இங்கே இருக்கின்றன. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கடிகாரம் ஒரு பக்கம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய சின்னஞ்சிறு கடிகாரம் ஒரு பக்கம். பறவைக் கூண்டு வடிவத்தில் ஒன்று. உள்ளே இருக்கும் சக்கரமெல்லாம் வெளியே தெரியும்படி, எலும்புக்கூடு போல இன்னொன்று. இவற்றுக்கெல்லாம் தாத்தா முறை ஆகிற சூரியக் கடிகாரமும் உண்டு. அதற்குச் சாவியும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். வெயிலில் விழும் நிழல்தான் முள்!

நம் முன்னோர்கள் கூட நிழலை அளந்து நேரம் பார்த்தவர்கள்தான். இரவிலும் மழையிலும் நிழல் விழாதே? அதற்கு நாழிகை வட்டில் என்ற நீர்க் கடிகாரம் வைத்திருந்தார்கள். சிறு துளை வழியே சீராகச் செல்லும் நீரைக் கொண்டு நேரத்தை அளப்பார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். 60 நாழிகை சேர்ந்தால் ஒரு நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்!

சாவி கொடுக்கும் கடிகாரம் எப்படி ஓடுகிறது? சாவியைத் திருகும்போது உள்ளே இருக்கும் வில்சுருள் இறுக்கமாகச் சுருண்டுகொள்கிறது. அது மறுபடி விரியத் துடிக்கும். அந்த விசைதான் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஆனால் ஒரே மூச்சில் விரிந்துவிட்டால் முள் பம்பரமாகச் சுற்றி நின்றுவிடுமே! அதற்காகத்தான் ஒரு தடுப்பு இருக்கிறது. ஊசல் இப்படியும் அப்படியும் ஆடும்போதெல்லாம், அந்தத் தடுப்பு சக்கரத்தில் ஒரு பல்லை மட்டும் விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். விடும், பிடிக்கும், விடும், பிடிக்கும். நாம் கேட்கும் டிக் டிக் சத்தம் அதுதான்! ஊசல் வைத்த கடிகாரத்தை 1656ல் முதலில் உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ். அதன் பிறகுதான் கடிகாரங்கள் ஓரளவு துல்லியமாக நேரம் காட்டத் தொடங்கின.

தாடிக்காரர் வருகிறார்!

இப்போது அந்தக் குட்டிப் பொம்மைக்கு வருவோம்.

அருங்காட்சியகத்தின் நடுவே ஒரு பெரிய கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஏதோ நாடகம் நடக்கப் போகிறது என்று நினைத்தேன். எல்லோருடைய கண்களும் ஒரு கடிகாரத்தின் மேல் இருந்தன. இது குக் அண்ட் கெல்வி என்ற நிறுவனத்தின் கடிகாரம். இதற்குள் 350க்கும் மேற்பட்ட பாகங்கள் இருக்கின்றன.

கடிகாரத்தில் ஒரு கொல்லர் பொம்மை. ஒவ்வொரு நொடிக்கும் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கிறார். இரவும் பகலும் ஓய்வே இல்லை. மணி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, மேல் தட்டில் உள்ள கதவு திறக்கிறது. தாடி வைத்த குட்டி மனிதர் ஒருவர் வெளியே வருகிறார். தொங்கும் தட்டு மணிக்கு எதிரே போய் நிற்கிறார். சரியான நேரம் வந்ததும் அடிக்கிறார். எத்தனை மணியோ அத்தனை அடி! அடித்து முடித்ததும் வந்த வழியே உள்ளே போய்விடுகிறார். கதவு மூடிக்கொள்கிறது.

நாங்கள் போனது பகல் 12 மணிக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னக் குழந்தைகள் எண்ண ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தெலுங்கில் ஒருவர், இந்தியில் ஒருவர், தமிழில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். பன்னிரண்டாவது அடி விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ தண்டவாளத் துண்டை அடித்த எங்கள் பள்ளிக்கூடத்துத் தாத்தா நினைவுக்கு வந்துவிட்டார்.

நேரம் காத்திருக்கவில்லை

இவ்வளவு பொருட்களையும் சேர்த்த நவாபுக்கு ஓர் ஆசை இருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்து ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்பதே அது. அதற்குத் திட்டமும் போட்டுவந்தார். ஆனால் சேர்ப்பதற்கே காலம் சரியாக இருந்தது. சுமார் 35 வருடங்கள் சேர்த்துக்கொண்டே இருந்தார். பொருட்கள் அவருடைய மாளிகைகளில் அங்கங்கே பரவிக் கிடந்தன.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 1947ல் இந்தியா விடுதலை பெற்றது. 1948 செப்டம்பரில் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அடுத்த வருடம், 1949 மார்ச் 2ஆம் தேதி, சாலார் ஜங் காலமானார். அவருக்கு வயது 59. திட்டம் திட்டமாகவே நின்றுவிட்டது. மாளிகை நிறையக் கடிகாரம் வைத்திருந்தவருக்கும் நேரம் காத்திருக்கவில்லை!

அவருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. அப்படியானால் இவையெல்லாம் யாருக்கு? பெரிய கேள்வி எழுந்தது. உறவினர்களுக்குப் பங்கு பிரித்தால் என்ன ஆகும்? கடிகாரம் ஒரு வீட்டுக்கு, சிலை ஒரு வீட்டுக்கு, சுவடி ஒரு வீட்டுக்கு என்று போய்விடும். பிறகு ஒவ்வொன்றாக விற்கப்பட்டு, வந்த நாடுகளுக்கே திரும்பிப் போனாலும் ஆச்சரியமில்லை. ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் கோத்த மாலை அறுந்து சிதறியிருக்கும்.

நல்லவேளையாக அப்படி நடக்கவில்லை. சொத்தை நிர்வகிக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. அப்போது ஐதராபாத் நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் எம்.கே.வெள்ளோடி. இவற்றை அருங்காட்சியகம் ஆக்கலாம் என்ற யோசனை அவர் காலத்தில் உருவானது. பொருட்களை வகைப்படுத்தி அடுக்கும் வேலை கலை விமர்சகர் ஜேம்ஸ் கசின்ஸ் என்பவரிடம் கொடுக்கப்பட்டது. அயர்லாந்தில் பிறந்து இந்தியாவுக்கு வந்து, சென்னை, மதனப்பள்ளி, திருவனந்தபுரம் என்று நம் தென்னாட்டிலேயே பணியாற்றியவர் அவர். நம் தேசிய கீதத்தின் மெட்டை 1919ல் மதனப்பள்ளியில் இசைக் குறிப்பாக எழுதி வைத்தவர் அவருடைய மனைவி மார்கரெட் கசின்ஸ் என்பது கூடுதல் செய்தி.

1951ஆம் வருடம் டிசம்பர் 16ஆம் தேதி, நவாப் வாழ்ந்த அதே திவான் தேவ்டி மாளிகையில், பிரதமர் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். வியாபாரிகளும் விருந்தாளிகளும் மட்டும் நுழைந்த வாசலில் பொதுமக்கள் நுழைந்தார்கள்.

கொடுத்தவர்கள்

இன்னும் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. திறப்பு விழா நடந்தாலும் பொருட்கள் சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்பது முடிவாகவில்லை. உரிமை கோரக்கூடிய உறவினர்கள் பலர் இருந்தார்கள். கடைசியில் அவர்கள் மனம் ஒப்பி, தொகுப்பு முழுவதையும் அரசுக்கே கொடுக்கச் சம்மதித்தார்கள். 1958 டிசம்பர் 26ஆம் தேதி உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி அந்த உடன்பாடு நிறைவேறியது. 1961ல் நாடாளுமன்றம் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. 1968ல் மூசி ஆற்றின் தென்கரையில் உள்ள இன்றைய கட்டடத்துக்கு அருங்காட்சியகம் இடம் மாறியது.

சேர்த்தவரின் பெயர் வாசலில் இருக்கிறது. கொடுத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் தங்கள் பங்கை விட்டுத் தராமல் இருந்திருந்தால், நீங்களும் நானும் அந்தத் தாடிக்காரரைப் பார்த்திருக்கவே முடியாது.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்ட கேள்வி இன்றும் என் மனதில் நிற்கிறது. நவாபுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். நல்ல கேள்வி! அவருக்கு உரிமையாக இருந்த ஊர்களில் ஏர் பிடித்து உழுதவர்கள் கட்டிய வரியிலிருந்துதான் வந்தது. அவர்களில் யாரும் அந்த மாளிகைக்குள் போய்க் கடிகாரம் பார்த்திருக்க மாட்டார்கள். இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மக்களிடமிருந்து வந்தது மக்களிடமே திரும்பியது என்று அவளுக்குச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

குழந்தைகளே! ஐதராபாத் போக வாய்ப்புக் கிடைத்தால் சாலார் ஜங் அருங்காட்சியகத்தைத் தவறாமல் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. பகல் பதினொன்றரை மணிக்கே போய் இடம் பிடித்துக்கொண்டால் பன்னிரண்டு அடியையும் எண்ணலாம்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துக் கடிகாரமோ, பழைய நாணயமோ, வெற்றிலைப் பெட்டியோ இருக்கும். அதை எடுத்துத் துடைத்து வையுங்கள். அது யாருடையது, எப்போது வாங்கியது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிப் போட வேண்டாம். நாளை நாளை என்று நாற்பது வருடம் போனால் என்ன ஆகும் என்பதை நவாபின் கதை சொல்லிவிட்டதே!

சேர்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. சேர்த்ததை நாலு பேர் பார்க்கக் கொடுப்பதில் இன்னும் பெரிய மகிழ்ச்சி உண்டு. அந்த இரண்டாவது மகிழ்ச்சி நவாபுக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்கட்டும்.